ஓரத்துச் சூடு

இப்போதெல்லாம் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, வெளியே குளிரா இல்லையா என்று போனைப் பார்க்கிறார்கள். எழுந்து போய்க் கண்ணாடியில் கையை வைத்தால் தெரிந்துவிடும். வைக்கமாட்டார்கள். பஸ்ஸில் ஒருவன் மயங்கி விழுந்தால் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஆள் கிடையாது, படம் எடுக்க மட்டும் நாலு பேர் வருகிறார்கள். எதையும் தொடாமலே எல்லாம் தெரிந்துவிடுகிறது இவர்களுக்கு. என் மருமகனும் அந்த ரகம்தான்.

நான் தொட்டுப் பிழைத்தவன். ரேடார் நிலையத்தின் பம்ப் அறையில் முப்பத்திரண்டு வருட வேலை. அங்கே டிரான்ஸ்மிட்டர் என்று ஒன்று இருக்கிறது. வெளியே நிற்கிற பெரிய தட்டு வழியாக வானத்துக்கு அலைகளை அனுப்புவது அதுதான். ஓட ஓடக் கொதிக்கும். அதைச் சுற்றிக் குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தால்தான் பிழைக்கும். அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. குழாயில் சூடு காட்டும் முள் ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அந்த முள் நாற்பதிலேயே சிக்கிக்கொண்டு நின்றது. அதை நம்பிக் கை வைத்தேன். மணிக்கட்டில் தோல் உரிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து புறங்கைதான் எனக்கு முள். நாற்பத்தைந்து என்று நான் சொன்னால் நாற்பத்தாறுக்கு மேல் போகாது.

பம்ப் அறையில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று நிலையத்தின் கடிகாரம். உலகம் முழுக்க இந்த மாதிரி நிலையங்களுக்கெல்லாம் பொதுவான நேரம் என்பார்கள். எங்கள் ஊர் நேரத்துக்கு இரண்டு மணி பின்னால் இருக்கும். என்ன எழுதினாலும் அந்த நேரத்தில்தான் எழுத வேண்டும் என்று விதி. இன்னொன்று நான் வாங்கி மாட்டிய கடிகாரம். நான் சாப்பிடுவதும் பஸ் பிடிப்பதும் அதைப் பார்த்துத்தான், பம்ப் நோட்டில் எழுதுவதும் அதைப் பார்த்துத்தான். முதல் முப்பத்தொரு வருடத்தில் அந்த நோட்டை யாரும் விரித்துப் பார்த்ததில்லை. தூசிக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

மருமகன் அதே நிலையத்தில் ஆராய்ச்சியாளன். மகளை அவன் பார்த்ததே என்னால்தான். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவளைப் பார்த்தான், முடிந்தது கதை. கல்யாணத்துக்குப் பிறகு மூன்று பேரும் மூன்றாவது மாடியில் ஒரே வீட்டில் இருந்தோம். என் மனைவி போய் நாலு வருடம். மகள் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை பார்த்தாள்.

சாப்பிட உட்கார்ந்ததும் நான் ஆரம்பிப்பேன்.

"மாப்பிள, இன்னைக்கு ஆகாசத்துக்குக் காய்ச்சல் எவ்வளவு?"

"இன்னைக்குக் காய்ச்சல் இல்ல மாமா. நார்மல்."

"மருந்து கொடுத்தீங்களா, தானா இறங்கிடுச்சா?"

"அப்பா, அவரைச் சாப்பிட விடுங்க," என்பாள் மகள்.

அவன் கோபப்படமாட்டான். அதுதான் எனக்கு எரிச்சல். சிரித்துக்கொண்டே கரண்டியை வைத்துவிட்டு விளக்க ஆரம்பித்துவிடுவான். நூற்றுப்பத்து கிலோமீட்டர் உயரத்தில் காற்று ரொம்ப மெல்லிசாம். துருவத்துக்குப் பக்கத்து ஊர் என்பதால் எங்கள் வானத்தில் இரவில் பச்சையாக ஆடுமே, அந்தத் துருவ ஒளி வருகிற சமயத்தில் அங்கே எலக்ட்ரான்கள் சூடாகுமாம்.

"எப்படிச் சூடாகும்? அடுப்பு யாரு வச்சா?"

"ஒளி வர்றப்ப மேல மின்சாரம் பலமா இழுக்கும் மாமா. கனமான துகள் எல்லாம் காத்துல முட்டி முட்டி நின்னுடும். எலக்ட்ரான் சின்னது, சறுக்கிக்கிட்டு ஓடிடும். நெரிசல்ல நிக்கிறவங்க நடுவுல ஒருத்தன் புகுந்து புகுந்து ஓடுற மாதிரி. அவன் ரொம்ப வேகமாப் போனா அந்தக் கூட்டமே அலை அலையா ஆடும் இல்ல? அந்த அலைதான் எலக்ட்ரானைப் போட்டு உலுக்கிச் சூடாக்குது."

"சரி. எவ்வளவு சூடு?"

"ஆயிரம், ரெண்டாயிரம் டிகிரி."

"அங்க போய்க் கையை நீட்டினா?"

"கை விறைச்சிடும் மாமா. சூடு எலக்ட்ரானுக்கு மட்டும்தான். அதுங்க ரொம்பக் கொஞ்சம்."

நான் மகளைப் பார்த்தேன். "ரெண்டாயிரம் டிகிரியில கை விறைக்குமாம். கேட்டுக்கோ. இவருக்குத்தான் உன்னைக் கட்டிக் கொடுத்தேன்."

அவள் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

குளிர்காலத்தின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. குழாயைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டை ஒன்று விட்டுப்போயிருந்தது. மதியத்துக்கு மேல் உட்கார்ந்து வெல்டிங் வைத்தேன். வழக்கம்போல நோட்டில் எழுதினேன். வெல்டிங், மூன்று பத்து முதல் மூன்று இருபத்தைந்து வரை. நாலு மணி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று மகளுக்கு விடுமுறை. டீ போட்டுக் கொடுத்தாள். எங்கள் ஊரில் அந்த மாதத்தில் மூன்றரைக்கே இருட்டிவிடும். ஐந்தேகால் இருக்கும், பால்கனியிலிருந்து கத்தினாள்.

"அப்பா, வாங்க வாங்க! பச்சையா வந்திருக்கு!"

போனேன். எதிர் வீட்டுக் கூரைக்கு மேலே ஒரு பச்சைப் பட்டை, துணி காயப்போட்ட மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. நான் எத்தனையோ பார்த்தாயிற்று. அவள்தான் போனைத் தூக்கிப் படம் எடுத்தாள்.

"அவரு இப்ப அங்க குதிச்சுக்கிட்டு இருப்பாரு," என்றாள்.

குதித்துக்கொண்டுதான் வந்தான். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. எங்கள் நிலையத்தில் அதுவரை யாரும் அளக்காத சூடாம். மூவாயிரத்து இருநூறு. பதினோரு நிமிடம் நின்றதாம். அதைவிடப் பெரிய விஷயம், அது இருந்த இடமாம்.

"வெளிச்சத்துல இல்ல மாமா. பச்சையா ஒரு பட்டை தெரிஞ்சுதே, அதுக்குள்ள அந்தச் சூடு இல்ல. அதுக்குப் பக்கத்துல, ஓரத்துல இருட்டா இருக்கும் பாருங்க, அங்கதான். வெளிச்சத்துக்குள்ள மின்சாரம் சுலபமா ஓடிடும், அதனால இழுப்பு குறைஞ்சிடும். ஓரத்துலதான் இழுப்பு ஜாஸ்தி. எல்லாரும் வெளிச்சத்தைப் பாக்குறாங்க, எரியறது பக்கத்துல."

"அப்ப ஒண்ணுமே தெரியாத இடத்துல, தொட முடியாத சூடு. ரொம்ப வசதி மாப்பிள."

மகள் அவன் ஷூவைக் குனிந்து கழற்றிக்கொண்டிருந்தாள். அப்படியே நிமிராமல் சொன்னாள். "இதை ஏத்துக்கிட்டாங்கன்னா அவருக்கு வேற ஒரு பெரிய ரேடார் நிலையத்துல நிரந்தர வேலைப்பா. ரெண்டு விமானம் மாறிப் போகணும். நானும்தான் போவேன்."

"நான்?"

"நீங்க வருஷத்துக்கு ஒரு தடவை வாங்க."

அவ்வளவு லேசாகச் சொன்னாள். மறுநாள் கம்பளிகளை மடித்து, எது கொண்டுபோக வேண்டும், எது எனக்கு என்று இரண்டு குவியலாக வைத்தாள். எனக்கு என்று வைத்ததில் ஓட்டைக் கம்பளிதான் அதிகம். இருக்கட்டும், நான் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அவன் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பிய கட்டுரை மூன்று மாதம் கழித்து ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. அச்சிடுவதற்கு முன்னால் கட்டுரையை எடைபோடுகிற யாரோ ஒருவர் கேட்டிருந்தார். அந்தப் பதினோரு நிமிடத்தில் நிலையத்துக்குள் மின்பொறி கிளப்புகிற வேலை ஏதாவது நடந்ததா? மோட்டாரோ வெல்டிங்கோ நடந்திருந்தால் அந்த இரைச்சல் ரேடாரின் காதில் விழுந்து, இல்லாத சூட்டை இருப்பதாகக் காட்டிவிடுமாம்.

நிலையத்தின் தலைவி எல்லா நோட்டுகளையும் வரவழைத்தார். நாங்கள் மேடம் என்போம். எதையும் இரண்டு தடவை கேட்கமாட்டார், யாரையும் உட்காரச் சொல்லவும் மாட்டார். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக என் பம்ப் நோட்டு அறையை விட்டு வெளியே போனது.

என்னைக் கூப்பிட்டார்கள். மேடத்தின் அறையில் மருமகன் நின்றுகொண்டிருந்தான். மேசைமேல் என் நோட்டு விரிந்திருந்தது. பக்கத்தில் அவனுடைய தாள். அதில் சூடு ஏறிய நேரம், மூன்று பன்னிரண்டு முதல் மூன்று இருபத்துமூன்று வரை. என் நோட்டில், மூன்று பத்து முதல் மூன்று இருபத்தைந்து வரை. ஒன்றின்மேல் ஒன்றை வைத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"பெரியவரே, இது உங்க கையெழுத்துதானே?" என்றார் மேடம்.

"ஆமா மேடம்."

"அன்னைக்கு வெல்டிங் வச்சீங்களா?"

"வச்சேன்."

மருமகன் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் புத்திசாலி. சட்டென்று பிடித்துவிட்டான்.

"மாமா, உங்க அறையில ரெண்டு கடிகாரம் இருக்கு. எதைப் பாத்து எழுதினீங்க?"

அது ஒன்றுதான் கேள்வி. ஊர் மணி என்று நான் சொன்னால், வெல்டிங் முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அவனுடைய சூடு ஏறியது என்று ஆகிவிடும். அவன் சொன்னது நிற்கும். விமானம் ஏறுவான். மகளும் ஏறுவாள். அந்த அறையில் வெந்நீர்க் குழாய் ஒன்று என் முழங்கால் உயரத்தில் போனது. அதில் புறங்கையை வைத்துக்கொண்டேன். முப்பத்தெட்டு இருக்கும்.

"விதி எதைச் சொல்லுதோ அதைப் பாத்துதான்," என்றேன்.

"மாமா, நல்லா யோசிச்சு—"

"முப்பத்தொரு வருஷமா எழுதறேன் மாப்பிள. யோசிச்சா எழுதுவாங்க?"

மேடம் நோட்டை மூடினார். அவனைப் பார்த்தார். "மூணு மாசமா நாம வானத்துல பாத்ததா சொன்னது உங்க மாமனாரோட வெல்டிங். வெளியில தெரிஞ்சா சிரிப்பாங்க. கட்டுரையை நீங்களே திரும்ப வாங்கிக்கோங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க."

சிரித்தார்கள்தான். அடுத்த நாளே டிரைவர் ஆரம்பித்துவிட்டான். காலையில் எங்களை ஏற்றிவருகிற நிலையத்து வண்டியின் டிரைவர், வாயை அடக்கத் தெரியாதவன்.

"அண்ணே, நீங்க ஒரு ஓட்டையை அடைச்சா வானத்துல சூடு ஏறுதாமே. எங்க வீட்டுக் குழாயும் ஒழுகுது, வந்து பத்த வையுங்க. உங்க மாப்பிள்ளைக்கு இன்னொரு பட்டம் கிடைக்கும்."

பின் இருக்கையில் மருமகன் இருந்தான். நானும் சிரித்தேன்.

அந்த வாரமே அவனுடைய ஒப்பந்தம் இனி நீளாது என்று தாள் வந்தது. வீட்டுக்கு வந்தவன் கோட்டைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். நான் கேட்டேன்.

"என்ன மாப்பிள, காய்ச்சல் இறங்கிடுச்சா?"

மகள் சமையலறையிலிருந்து வந்து என் எதிரே நின்றாள். கையில், சூடு ஏறிய நேரம் போட்ட அவனுடைய தாளும் போனும் இருந்தன.

"இதுல நேரம் மூணு பன்னெண்டுன்னு போட்டிருக்கு. நிலையத்து நேரம். நம்ம நேரத்துக்கு அஞ்சு பன்னெண்டு."

"அதுக்கு?"

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எதிர் வீட்டுக் கூரை, பச்சைப் பட்டை. பால்கனிக் கதவுக் கண்ணாடியில், கையில் டீயோடு நான் தெரிந்தேன். மேலே நேரம். ஐந்து பதினாறு.

"இதுல டீ குடிச்சுக்கிட்டு நிக்கிறது யாருப்பா? அஞ்சு பன்னெண்டுக்கு அங்க வெல்டிங் வச்சது யாரு?"

"போன் என்ன வேணா காட்டும்."

"அப்பா. எந்தக் கடிகாரம்?"

நான் தட்டைப் பார்த்தேன். மருமகன் எழுந்தான். "விடு," என்றான் அவளிடம். "மாமாவா வந்து சொல்லட்டும்."

அவள் விடவில்லை. படத்தை மேடத்துக்கே அனுப்பிவிட்டாள். பதில் இரண்டு வரியில் வந்தது. குடும்பப் படத்தை வைத்து ஆராய்ச்சியைத் தள்ளவும் முடியாது, ஏற்கவும் முடியாது. எழுதியவர் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் நேரில் வந்து, நோட்டில் நேரத்தைத் திருத்திக் கையெழுத்துப் போட்டால் மறுபடியும் பார்க்கலாம்.

"ஒரு கையெழுத்துப்பா," என்றாள். "உங்களை யாரும் எதுவும் பண்ணமாட்டாங்க. கடிகாரத்தை மாத்திப் பாத்துட்டேன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

"முப்பத்தொரு வருஷமா தப்பா எழுதினேன்னு சொல்லச் சொல்றே."

"ஆமா. தப்பாத்தானே எழுதினீங்க?"

"நான் போய்ச் சொன்னா நீ போயிடுவே."

அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. அதுவரை மறந்து எழுதியிருப்பேன், வயதாகிவிட்டது, பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் விளங்கிவிட்டது அவளுக்கு.

"ஓ," என்றாள். "அதுக்காகவா அவரைக் கொன்னீங்க?"

வெள்ளிக்கிழமை பம்ப் அறையில் உட்கார்ந்திருந்தேன். மேடத்தின் அறைக்கு நாற்பது அடி. இரண்டு கடிகாரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஐந்து மணி என்று எழுதியிருந்தாரே, அது எந்தக் கடிகாரத்தில் என்று யோசித்தேன். நிலையத்து நேரம் என்றால் இன்னும் இரண்டு மணி கூடுதலாக இருக்கிறது. ஊர் நேரத்தில் ஐந்து அடித்தது. போகவில்லை. நிலையத்து நேரத்தில் ஐந்து ஆகும்வரையும் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் போகவில்லை. குழாயில் கை வைத்தேன், நாற்பத்துநாலு. அது நிஜம். நூற்றுப்பத்து கிலோமீட்டருக்கு மேலே, யாரும் தொட முடியாத இடத்தில், கையை விறைக்க வைக்கிற மூவாயிரம் டிகிரி சூடு ஒன்று இருந்ததாம். இல்லாத ஒன்றைப் பற்றிப் பொய் சொன்னால் அது எப்படிப் பொய்யாகும்? இப்படித்தான் அன்று யோசித்தேன். இன்றும் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அவர்கள் போகாமல் இருக்கவில்லை. அதுதான் வேடிக்கை. மருமகனுக்கு எங்கேயோ ஒரு சின்ன ஊரில், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை கிடைத்தது. ஒரு நாள் முழுக்க ரயிலில் போக வேண்டும். மகள் கண்ணாடிக் கடை வேலையை விட்டாள். இரண்டு குவியலையும் சேர்த்துக் கட்டினாள், என்னுடைய ஓட்டைக் கம்பளிகளை மட்டும் நாற்காலியில் போட்டாள். கிளம்புகிற அன்று காலையில், கூடத்தில் இருந்த ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கி, அதைத் தூக்கித் தன் பெட்டியில் வைத்தாள். அது அவள் வாங்கியது.

"இனிமே தொட்டுப் பாக்க உங்களுக்குச் சுவர்தாம்பா இருக்கு," என்றாள்.

மருமகன் மட்டும் வாசலில் நின்று, "வரேன் மாமா," என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் போன் செய்யவில்லை. நான் செய்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. பள்ளிக்கூடத்தின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த குளிர்காலம். மருமகன் இருந்த இடத்துக்கு ஒரு பெண் வந்திருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் எல்லோரையும் ரேடார் அறைக்கு வரச் சொன்னார்கள். நானும் போனேன். பெரிய திரையில் நீலமாக ஒரு படம், நடுவே ஒரு சிவப்புத் தீற்றல்.

"பாருங்க," என்றாள் அந்தப் பெண். "மூவாயிரத்து நூறு. ஒன்பது நிமிஷம். வெளிச்சத்துக்குள்ள இல்ல, அதோட ஓரத்துல!"

கைதட்டினார்கள். மேடமும் தட்டினார். டிரைவர் கதவோரம் நின்றிருந்தான். நல்ல சத்தமாகக் கேட்டான்.

"அண்ணே, நீங்க இங்கதானே நிக்கிறீங்க. அப்ப கீழ வெல்டிங் வைக்கிறது யாரு?"

யாரும் சிரிக்கவில்லை. மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். எதையும் இரண்டு தடவை கேட்காதவர், அன்று கேட்டார்.

"பெரியவரே. போன வருஷம். எந்தக் கடிகாரம்?"

எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு ஓய்வு பெற ஐந்து மாதம்தான் இருந்தது. இனி உண்மையைச் சொன்னாலும் யாரும் எங்கேயும் போகப்போவதில்லை, வரப்போவதுமில்லை.

"விதிப்படிதான் மேடம்."

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். "சரி. அப்படியே இருக்கட்டும். நல்லதாப் போச்சு. அப்ப இதுதான் நம்ம நிலையத்துல முதல் தடவை." அந்தப் பெண்ணின் தோளில் தட்டினார். "உன் பேரைப் போட்டு எழுது."

மறுபடியும் கைதட்டினார்கள். என்னால்தான் தட்டினார்கள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

நான் வெளியே வந்தேன். பெரிய தட்டுக்கு மேலே பச்சைப் பட்டை ஒன்று முழு வானத்துக்கும் வளைந்து கிடந்தது. அதன் ஓரத்தில் கறுப்பாக ஒரு வெற்று இடம். அவன் சொன்னது அந்த இடத்தைத்தான். கையுறையைக் கழற்றினேன். புறங்கையை அந்தக் கறுப்புக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். ஒன்று, இரண்டு என்று அறுபதுவரை எண்ணினேன். விரல் நுனி மரத்துப்போனது. மணிக்கட்டுத் தழும்பில் சுருக்கென்று குளிர் ஏறியது.

மூவாயிரமாம்.

கையுறையை மாட்டிக்கொண்டேன். உள்ளே இன்னும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாலு மணி பஸ் போயிருந்தது, ஆறு மணி பஸ்ஸுக்கு நடந்தேன்.